ராத்திரி என்று ஒரு வார்த்தை

அத்தியாயம் ஏழு

பெற்ற மகளைப் பார்க்கப் போன இடத்தில், மகள் இன்னொருத்தியின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். போன வாரம் சாந்தோமில் நடந்ததை ஐரினால் மறக்க முடியவில்லை. மாம்பலத்தில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த பின்கட்டில் அடுப்பு மூட்டினாலும் அதே நினைவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாலும் அதே நினைவு.

நாலு வருஷம் மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள் அவள். அங்கே படுத்திருந்தபோதே கணவன் ஞானதாஸ் டைபாய்டில் போய்ச் சேர்ந்தான். குழந்தை செலினை எடுத்து வளர்த்தவள் ஞானதாஸின் தங்கை நோரா. செலினுக்கு இப்போது ஒன்பது வயது.

"டாக்டர் கொணமாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமா அண்ணி? பிள்ளையை என்னால தர முடியாது. வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க" என்று நோரா சொல்லியிருந்தாள்.

அந்த வார்த்தைகள் கூட ஐரினை அவ்வளவாகச் சுடவில்லை. அதைச் சொல்லும்போது நோராவின் கை தானாகப் போய்க் குழந்தையின் தலையைத் தடவியது. குழந்தையும் அந்தக் கைக்குள் பூனைக்குட்டி மாதிரி ஒண்டிக்கொண்டது. அதுதான் சுட்டது. அன்றிலிருந்து வயிற்றுக்குள் ஒரு கங்கு கிடந்து கனன்றுகொண்டே இருந்தது.

இன்று சனிக்கிழமை. மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்த ஐகோர்ட் வக்கீல் ஸ்ரீனிவாசராகவனின் வீட்டுக்கு ஐரின் காலையிலேயே போய்விட்டாள். போன தடவை அவர் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார். இன்று தடிமனான ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

"உக்காருங்கோ. உங்க விஷயத்தைப் பார்த்து வெச்சிருக்கேன். தகப்பனார் இல்லே. வேற யாரையும் கார்டியனா வெச்சு உயில் எழுதலே. அப்போ சட்டம் மொதல்ல திரும்பிப் பார்க்கறது தாயாரைத்தான்."

"அப்ப ஜெயிச்ச மாதிரிதானே சார்?"

"அவசரப்படாதேள். நெலம் புலம்னா யாருக்குப் பாத்யதைன்னு பார்த்துத் தீர்ப்பு எழுதிடலாம். இது கொழந்தை. ஜட்ஜ் பார்க்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான், கொழந்தை யார்கிட்ட இருந்தா நன்னா இருக்கும்னு. நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போனா வீட்டுல யார் பார்த்துப்பா? உடம்பு நெஜமாவே தேறிடுத்தா, டாக்டர் எழுதிக் குடுப்பாரா? இதெல்லாம் கேட்பார்."

ஐரின் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே செலினைச் சேர்ப்பாள். தாயும் மகளும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட் கைப்பையிலேயே இருந்தது.

வக்கீல் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. ஒன்பது வயசுன்னா விவரம் தெரிஞ்ச வயசுதான். ஜட்ஜ் தன் ரூமுக்குக் கூப்பிட்டு வெச்சுண்டு, 'உனக்கு யார்கிட்ட இருக்க இஷ்டம்'னு கொழந்தையையே கேட்டாலும் கேட்பார்."

 செலின் என்ன சொல்வாள் என்பது ஜட்ஜைக் கேட்டுத்தானா தெரிய வேண்டும்?

"அதனாலதான் சொல்றேன். இன்னிக்குச் சாயங்காலம் பீச்சுல கொழந்தையைப் பார்க்க அவா சம்மதிச்சிருக்கா. நான் சொல்லியனுப்பினதுக்கு மரியாதை குடுத்திருக்கா. அங்கே போய் அழக் கூடாது. அத்தையைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசக் கூடாது. கையைப் பிடிச்சு இழுத்துண்டு வந்துட்டேளோ, கேஸ் அன்னியோட போச்சு."

"இல்லை சார்."

வக்கீல் பேனாவை மையில் தொட்டார். "கடைசியா ஒரு கேள்வி. எல்லாரையும் கேட்கறதுதான். அந்த அத்தை நடத்தையிலே ஏதாவது கொறை உண்டா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்கோ. அது இல்லாமலே நம்ம கேஸ் நிக்கும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வேறொரு காட்சி வந்து நின்றது. இந்த வாரத்தில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டதும், கால் போன போக்கில் போய்ச் சாந்தோமில் நோராவின் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்றிருந்தாள். உள்ளேயிருந்து வயலின் சத்தம் வந்தது. மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு வாத்தியாரான பிலிப் செலினுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறானாம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவன் வெளியே வந்தான். நோரா கேட் வரைக்கும் வந்தாள். நடுவில் செலின். அவள் ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். தெருவில் போகிற யாரும் அதை ஒரு குடும்பம் என்றுதான் சொல்வார்கள். எதிர்ச்சாரியில் நின்றவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிலிப்னு ஒருத்தர் அங்கே வந்து போறாரு சார்" என்றாள் ஐரின்.

"சொந்தக்காரரா?"

"இல்லை. பாட்டு வாத்தியார். நோராவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. தனியா இருக்கா."

"எப்போ வந்து போறார்?"

"ராத்திரியில."

பேனா நின்றது. வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"உங்க கண்ணால பார்த்தேளா? இது பெரிய வார்த்தை அம்மா. நாளைக்குக் கூண்டுல ஏறி, பைபிளைத் தொட்டுச் சொல்லியாகணும். எதிர் வக்கீல் குடைஞ்சு எடுத்துடுவார்."

"பார்த்தேன் சார். எழுதுங்க."

அவர் எழுதினார். பேனா காகிதத்தில் கீறிய சத்தம் ஐரினுக்கு இனித்தது. நாலு வருஷமாகத் தன்னிடமிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு முதல் தடவையாக நோராவிடமிருந்து ஒன்று போகப் போகிறது.

"திங்கட்கிழமை மனுப் போட்டுடலாம். அதுக்கு முன்னாடி நீங்க சொன்னதையெல்லாம் எழுதி ஒரு நோட்டீஸ். கோர்ட்டுக்கு வராமலே அவா கொழந்தையைக் குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது. குமாஸ்தா மத்தியானமே நேர்ல கொண்டு குடுத்துடுவார்" என்றார் வக்கீல்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் ஐரின் சாந்தோம் கடற்கரைக்குப் போனாள். கரையேறியிருந்த கட்டுமரங்களுக்கு இப்பால், நோரா வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டு வரும் வேலம்மா செலினைக் கூட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"வாம்மா. நோராம்மாதான் இட்டுக்கினு போன்னு அனுப்புச்சு. நான் அந்தாண்ட குந்திக்கினு கீறேன், நீங்க பேசுங்க" என்றவள், போகிற போக்கில் ஐரின் முகத்தையும் குழந்தை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா தாயி, கொயந்த அச்சு அசலு ஒன்னியாட்டமே கீது!"

அதைக் கேட்க ஐரினுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! ஆனால் செலினைச் சரியாகப் பார்த்தபோது அந்த ஆசை பாதியிலேயே நின்றது. மூக்கும் முழியும் ஐரினுடையதுதான். தலை வாரிப் பின்னியிருந்த விதம் நோராவுடையது. மணலில் உட்காரும் முன் பாவாடையைப் பின்னால் தட்டிவிட்டுக் கொண்டாளே, அதுவும் நோரா செய்வதுதான்.

செலின் ஐரினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க இப்பவும் இருமுவீங்களா?" என்று கேட்டாள் செலின்.

"இல்லை கண்ணு. நல்லாயிடுச்சு."

"நோராம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. பயப்படாம அம்மா பக்கத்துலயே ஒக்காரு, தள்ளி ஒக்காந்தா அவங்க மனசு கஷ்டப்படும்னு."

ஐரின் பல்லைக் கடித்துக்கொண்டாள். பெற்ற மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்குக் கூட நோராவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது! கதவை மூடிக்கொண்டு சண்டைக்கு நின்றிருந்தாலாவது அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

"வயலின் எந்த மட்டும் வந்திருக்கு?" என்று பேச்சை மாற்றினாள்.

செலினின் முகம் வாடிவிட்டது. "இன்னிக்குப் பாடம் பாதியிலேயே நின்னுடுச்சு. மத்தியானம் பிலிப் சார் வாசிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தாரு. ஒருத்தர் வந்து காகிதம் குடுத்தாரு. நோராம்மா படிச்சுட்டு அப்படியே தரையில ஒக்காந்துட்டாங்க. பிலிப் சார் வாங்கிப் படிச்சாரு. ஒண்ணுமே பேசலை. வயலினைக் கூட எடுத்துக்காம, அந்தக் காகிதத்தோட போயிட்டாரு."

அது வக்கீல் அனுப்பிய நோட்டீஸ்தான் என்று ஐரினுக்குப் புரிந்தது.

"சார் கெட்டவரா?" என்று கேட்டாள் குழந்தை.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. காகிதம் படிச்சதும் எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, அதான் கேட்டேன்." செலின் கிளிஞ்சல் ஒன்றை எடுத்து மணலைக் கீறினாள். "அவரு நோராம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு கேட்டாரு, தெரியுமா? திருச்சியில பெரிய பள்ளிக்கூடத்துல வேலைக்கு அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நோராம்மாதான் வேண்டாம்னுட்டாங்க. நான் உள்ளே படிச்சுக்கிட்டே கேட்டுட்டேன்."

"ஏன் வேண்டாம்னா?"

"'இவளுக்கு அம்மா இருக்காங்க. அவங்க திரும்பி வர்றப்ப பிள்ளை மெட்ராஸிலதான் இருக்கணும். இவளைத் தூக்கிக்கிட்டு நான் எங்கேயும் வர முடியாது'ன்னாங்க. போன வருஷம்."

கடற்காற்று பலமாக அடித்தது. ஐரின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வருத்தம் வந்திருக்க வேண்டும். நன்றி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது இரண்டுமில்லை, பழைய பொறாமைதான், முன்னைவிடப் பெரிதாக. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து மகளுக்காக ஜெபம் செய்ததைத் தவிர ஐரினால் என்ன செய்ய முடிந்தது? நோராவோ, வீட்டு வாசலுக்கு வந்த வாழ்க்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அன்பிலும் அவளே முந்திக்கொண்டுவிட்டாள்!

அதற்குப் பிறகுதான் 'ராத்திரி' என்ற வார்த்தை நெஞ்சில் வந்து குத்தியது. குத்தியது அப்படியே நின்றது.

அவள் எழுந்தாள். "வா கண்ணு, வீட்டுக்குப் போவோம். நானே கொண்டாந்து விடறேன்."

வேலம்மா ஓடி வந்தாள். "இன்னும் நேரம் கீதேம்மா?"

"பரவாயில்லை வேலம்மா, நீயும் கூட வா" என்றாள் ஐரின். வக்கீல் சொன்னது நினைவிருந்தது.

தெருத் திரும்பியதும் செலின் தானாகவே ஐரினின் விரலைப் பிடித்துக்கொண்டாள். மாட்டு வண்டி ஒன்று ஒட்டி வந்ததால் பிடித்தாளோ என்னவோ, வண்டி போன பிறகும் விடவில்லை. நாலு வருஷமாக ஏங்கிய கை. ஐரின் மெதுவாக நடந்தாள், தெரு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று.

நோரா கேட் அருகிலேயே நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் கண் முதலில் போனது ஐரினின் முகத்துக்கு அல்ல, கோத்திருந்த கைகளுக்கு. அவள் உதடு ஒருமுறை துடித்து இறுகியது. அந்தத் துடிப்பு என்னவென்று இந்த ஊரில் ஐரினுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வேலம்மா நிலைமையைப் புரிந்துகொண்டு கூடையோடு பக்கத்து வீட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க அண்ணி" என்றாள் நோரா.

"என்ன?"

"கூட்டிட்டுப் போயிடுங்க. கேஸ் வேண்டாம். அவ துணிமணியெல்லாம் பெட்டியில எடுத்து வெச்சுட்டேன். நான் எந்த வக்கீல்கிட்டேயும் போகலை. இந்தப் பேச்சு மட்டும் கோயில் சாமியார் காதுக்குப் போக வேண்டாம். போச்சுன்னா பிலிப்புக்குக் கோயில் வேலை போயிடும், திருச்சியிலயும் எடுக்க மாட்டாங்க. வயசான அம்மாவை வெச்சுக்கிட்டு அவரு எங்கே போவாரு?"



எத்தனை சுலபம்! மனு வேண்டாம், கூண்டு வேண்டாம், ஜட்ஜ் குழந்தையைக் கேட்க வேண்டாம். தலையை ஆட்டினால் போதும், இன்று ராத்திரி செலின் மாம்பலத்தில் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள்.

விரல்களுக்குள் இருந்த சின்னக் கை மெதுவாக நழுவியது. ஐரின் குனிந்து பார்த்தாள். செலின் அழவில்லை, அத்தையிடம் ஓடவும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில், யாரையும் தொடாமல், தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தையில் விலை பேசி முடிக்கும் வரை கட்டி வைத்த கன்றுக்குட்டி அப்படித்தான் நிற்கும்.

"நோரா, நான் ராத்திரியில பார்க்கலை" என்றாள் ஐரின்.

நோரா நிமிர்ந்தாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவரு கௌம்பிப் போனதைத்தான் பார்த்தேன். எதிர்ச்சாரியில நின்னு பார்த்தேன். நீங்க மூணு பேரும் சிரிச்சீங்க. எனக்குத் தாங்கலை. வக்கீல் கேட்டப்ப ராத்திரின்னு சொல்லிட்டேன். பொய்."

"பொய்யா?" நோராவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"திங்கட்கிழமை போய் அந்த வரியை எடுக்கச் சொல்றேன். பொய் சொன்னேன்னு சொல்லியே எடுக்கச் சொல்றேன். பிலிப்புக்கு ஒண்ணும் வராது."

நோரா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு எடுத்தபோது அது வேறு முகமாக இருந்தது.

"செலின், உள்ளே போ."

குழந்தை அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அப்ப பிள்ளையைத் தர முடியாது அண்ணி."

"நோரா!"

"அவரு பொழைப்புக்குப் பயந்துதானே தர்றேன்னேன்? அந்தப் பயம் போச்சு. ஆத்திரம் வந்தா என்ன பொய் வேணாலும் சொல்லக் கூடியவங்ககிட்ட என் பிள்ளையை எப்படி விடுவேன்?"

"என் பிள்ளை நோரா! பெத்தவ நான்!"

"பெத்தது நீங்கதான். இல்லேங்கலை. அண்ணன் செத்த அன்னிக்கு, அப்பா எங்கேன்னு கேட்டுக் கேட்டுக் கத்தினாளே, அப்ப மடியில போட்டுக்கிட்டது யாரு?"

"நான் வர முடியாத எடத்துல கெடந்தேன்!"

"தெரியும். அதனாலதான் நாலு வருஷமும் உங்களைக் காட்டித்தான் வளர்த்தேன். இப்ப அதுக்கே என் வயிறு எரியுது. இன்னிக்கு அவ உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா பாருங்க…" நோராவால் முடிக்க முடியவில்லை. "கோர்ட்டுலயே பார்த்துக்கலாம் அண்ணி. ஜட்ஜ் சொன்னா குடுக்கிறேன். அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க வந்து பாருங்க, தடுக்க மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது.

ஐரின் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். கைக்கு வந்ததை உண்மையைச் சொல்லித் தொலைத்தாகிவிட்டது. ஆனாலும் வெட்கக்கேடாக, உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நோராவுக்கும் எரிகிறதாம்!

அப்போது கோயில் பக்கமிருந்து ஒருவன் வேகமாக நடந்து வந்தான். ஒல்லியான உருவம், பழைய அல்பாகா கோட்டு. கிட்டே வந்ததும்தான் பிலிப் என்று தெரிந்தது. வக்கீல் நோட்டீஸ் அவன் கையில் இருந்தது.

"நீங்கதானே ஐரின் அண்ணி? ஞானதாஸ் காட்டின போட்டோவில பார்த்திருக்கேன்."

"பிலிப் சார், நான் சொன்னது பொய். நோராகிட்டேயும் இப்ப சொல்லிட்டேன். வக்கீல்கிட்டேயும்…"

"நீங்க சொன்னா சந்தோஷம். ஆனா அதுக்கு நான் காத்துக்கிட்டு இருக்கலை." அவன் குரலில் கோபம் இல்லை. அதுவே ஐரினுக்குப் பயமாக இருந்தது. "வேற யாராவது சாமியார்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி நானே கொண்டு போய்க் காட்டிட்டேன். திருச்சி வேலை வேண்டாம்னும் எழுதிப் போட்டுட்டேன். நோரா சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக் காலைப் பூசையிலேயே எங்களுக்கு முதல் ஓலை வாசிக்கிறேன்னு சாமியார் சொல்லியிருக்காரு."

"கல்யாண ஓலையா?"

"ஆமாம். மூணு ஞாயிறு கோயில்ல அறிவிச்சாச்சுன்னா கல்யாணம். தனியா இருக்கிற பொம்பளைன்னுதானே எழுதியிருக்கீங்க? இனிமே புருஷன் பெண்சாதியா வந்து ஜட்ஜ் முன்னாடி நிப்போம். போன வருஷம் அவங்க வேண்டாம்னதுக்கு ஒரே காரணம் ஊரை விட்டுப் போகணுமேங்கிறதுதான். இப்ப அது இல்லை." அவன் வீட்டைப் பார்த்தான். "உள்ளே இருக்காங்களா?"

 புருஷன், வீடு, குழந்தை. மூன்றையும் ஐரினே கட்டித் தூக்கி நோராவின் மடியில் வைத்தாகிவிட்டது. க்ஷயத்திலிருந்து எழுந்து வந்த ஒண்டிப் பெண்ணைப் பார்த்த கண்ணால், இந்த வீட்டையும் பார்ப்பாரே ஜட்ஜ்!

'உங்களை இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்னு நோரா சொல்லிட்டா.' இப்படி ஒரு வாக்கியம், யாரும் கற்றுக் கொடுக்காமல், முழுசாக அவள் நாக்கு நுனிக்கு வந்தது. பிலிப் நம்புவான். மானமுள்ளவன், திரும்பிப் போய்விடுவான். நாளை ஓலை வாசிக்க மாட்டார்கள்.

"இருக்காங்களா அண்ணி?" என்று அவன் மறுபடியும் கேட்டான்.

ஐரின் கேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"இருக்கா. போங்க" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு வழி விட்டு ஒதுங்கினாள்.

பிலிப் படியேறிக் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. அவன் ஏதோ சொன்னான். நோரா பதிலுக்கு என்னவோ சொன்னாள். தெருவில் நின்றவளுக்கு அவள் குரல்தான் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. போய்விட வேண்டும் என்று தெரிந்தும், ஐரின் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.